முப்பத்தோராவது வீடு

திருப்பதி
18-6-2024

அன்புள்ள அண்ணிக்கு,

கோதை வணக்கத்துடன் எழுதுவது. இங்கே நானும் அக்ஷயாவும் சுகம். அவளுக்குப் பள்ளிக்கூடம் திறந்துவிட்டது, ஏழாம் வகுப்பு. அங்கே நீங்களும் அண்ணனும் கோகுலும் சுகமாக இருப்பீர்கள் என்று நம்புகிறேன். காது எப்படி இருக்கிறது? போனில் நான் கத்துவது இங்கே எங்கள் கொர்லகுண்டா பேட்டை முழுக்கக் கேட்கிறது, உங்களுக்கு மட்டும் கேட்பதில்லை. வாட்ஸ்அப்பில் எழுதினால் அது அண்ணன் போனில் போய் உட்கார்ந்துகொள்கிறது. அதனால் இனிமேல் கடிதம்தான். நகரிக்கும் திருப்பதிக்கும் படிவக் கட்டு பஸ் பார்சலில் போகவர இருக்கப்போகிறது. அதற்குள் செருகிவிடலாம், செலவு ஆபீசுடையது.

விஷயம் இதுதான். எங்கள் ஆராய்ச்சி மையம் மூன்று வருடத்துக்கு ஒருமுறை நகரியில் நம் ஏகாம்பரகுப்பத்தில் அதே அறுபத்தொரு வீடுகளுக்குப் போய் மாத வருமானம் கேட்கிறது. 2015, 2018, 2021 முடிந்து இது நாலாவது தடவை. கேட்டு எழுதும் வேலைக்கு உங்கள் பெயரைக் கொடுத்துவிட்டேன். படிவத்துக்கு நூற்றிருபது ரூபாய். காதைப் பற்றிக் கவலைப்படாதீர்கள். எதிரில் உட்கார்ந்தால் உதட்டைப் பார்த்தே முழுக்கதையும் வாங்கிவிடுவீர்கள், விசைத்தறி இரைச்சலில் பேசிப் பழகிய தறிக்காரர்களுக்கு அதைச் சொல்லித்தர வேண்டுமா?

சராசரி எடுக்கத்தானே இவ்வளவு பாடு என்று கேட்பீர்கள். இல்லை. நாற்பது தறி வைத்திருக்கும் பத்மாவதி அம்மாள் வீட்டையும் சேர்த்துச் சராசரி போட்டால், தெருவில் எல்லாருமே கார் வைத்திருப்பதுபோல் ஆகிவிடும். அறுபத்தொரு வீட்டையும் வருமானப்படி வரிசையில் நிறுத்தினால் நடுவில் நிற்கும் முப்பத்தோராவது வீடு எவ்வளவு சம்பாதிக்கிறது என்பதுதான் எங்களுக்கு வேண்டும். நம் வீடும் இதில் இருக்கிறது, படிவம் 17. முறைப்படி வேறு ஆள் வந்து எழுத வேண்டும். ஒரு வீட்டுக்காக யார் வருவது? நீங்களே எழுதிவிடுங்கள்.

ஒன்று மட்டும் நினைவிருக்கட்டும். ஒரே அடுப்பில் சமைத்துச் சாப்பிடுகிறவர்கள்தான் ஒரு குடும்பம்.

தறிப் பங்கு நாலாயிரம் ஐந்தாம் தேதியே வந்தது. வீட்டு வாடகையை அதில்தான் கட்டினேன். நாலு தறியில் இரண்டு கோதைக்கு என்று நைனா கடைசியாகச் சொன்னாரே, அந்த ஒரு வார்த்தைதான் அக்ஷயாவைக் கையில் பிடித்துக்கொண்டு அந்த மனுஷன் வீட்டை விட்டு வந்தபோது என்னைத் தாங்கியது. அண்ணனிடம் சொல்லுங்கள். எப்போதும் சொல்லுவதுதான், இருந்தாலும் சொல்லுங்கள்.

உங்கள் பிரியமுள்ள
கோதை


ஏகாம்பரகுப்பம்
2-7-2024

செல்லக் கோதைக்கு,

அண்ணி ஆசீர்வாதம். ஆண்டவன் புண்ணியத்தில் இங்கே எல்லாரும் சுகம். அக்ஷயாவுக்கு முடி வெட்டாதே, பொங்கலுக்குள் சடை போடுகிற அளவுக்கு வளரட்டும். காது கொஞ்சம் தேவலை. நேற்று பக்கத்து வீட்டுக் குக்கர் விசில் கேட்டது. மூன்று எண்ணினேன்!

இருபது படிவம் அனுப்பியிருக்கிறேன். காலையில் உன் அண்ணனுக்குக் கேரியர் கட்டிக் கொடுத்துவிட்டு எட்டு மணிக்கெல்லாம் பையைத் தூக்கிக்கொண்டு கிளம்பிவிடுகிறேன். தெருவில் என்னை இப்போது "சர்வே அக்கா" என்கிறார்கள்.

ஆனால் ஒரு கூத்து. இருபது வீட்டிலும் ஒரே பதில். கோவிந்தம்மாள் வீட்டில் மதியம் ஆட்டுக்கறி. துன்னுகினே சொல்கிறாள், "பதினோராயிரத்து ஐந்நூறுன்னு எழுதிக்கோ துர்கா. பன்னண்டுக்கு மேல போனா ரைஸ் கார்டு பூடும். கார்டுல இன்னா கீதோ அதான் வருமானம்." ரங்கன் வீட்டில் அண்ணன் தம்பி இருவருக்கும் இரண்டு அடுப்பு, ஆனால் குழம்பு ஒரு அடுப்பில், சோறு இன்னொரு அடுப்பில். இது ஒரு குடும்பமா, இரண்டா? நான் ஒன்றரை என்று எழுதியிருக்கிறேன்.

உன் அண்ணன் உன்னைக் கேட்டதாகச் சொல்லச் சொன்னார்.

இப்படிக்கு
துர்காதேவி


திருப்பதி
9-7-2024

அன்புள்ள அண்ணி,

நலம்தானே? இங்கே அக்ஷயாவுக்கு இரண்டு நாள் சளி, இப்போது தேவலை. உங்களுக்குக் குக்கர் விசில் கேட்ட செய்தியைப் படித்து இருவரும் கைதட்டினோம்.

ஒன்றரைக் குடும்பம் என்று இந்த உலகத்தில் கிடையாது. ரங்கன் வீட்டை ஒன்றாகப் போட்டிருக்கிறேன், குழம்பு ஒன்றுதானே.

இன்னொன்று. இருபது படிவத்தையும் பென்சிலில் எழுதி அனுப்பியிருக்கிறீர்களே! நீல மையில்தான் எழுத வேண்டும். திருத்தம் என்றால் சிவப்பு மையில், பக்கத்தில் என் கையெழுத்தோடு. பென்சிலில் இருப்பது எதுவும் எங்கள் ஆபீசில் செல்லாது. எழுதியதும் செல்லாது, அடித்ததும் செல்லாது. பேனா டப்பா ஒன்று வைத்திருக்கிறேன், பென்சிலைக் கோகுலிடம் கொடுத்துவிடுங்கள்.

அந்தப் பதினோராயிரத்து ஐந்நூறுதான் என் தலைவலி. போன மூன்று தடவையும் கார்டுத் தொகையையே சொல்லியிருக்கிறார்கள். "ஒன்பது வருடமாக ஒரு ஊர் ஒரே இடத்தில் நிற்குமா?" என்று டைரக்டர் கேட்கிறார். நம்புகிறமாதிரி ஒரு எண் கொடுக்காவிட்டால் ஜனவரியில் என் ஒப்பந்தத்தைப் புதுப்பிக்கமாட்டார்கள். அதனால் வருமானத்தைக் கேட்காதீர்கள். எத்தனை தறி ஓடுகிறது, வாரத்துக்கு எத்தனை சேலை இறங்குகிறது, கூலி என்ன, கம்பெனி பஸ் ஏறுகிறவர்கள் எத்தனை பேர் என்று கேளுங்கள். தறி மீட்டர் கரண்ட் பில்லை வாங்கி யூனிட்டைப் பாருங்கள். வாய் பொய் சொல்லும், மீட்டர் சொல்லாது. பழைய படிவங்களிலும் தறி எண்ணிக்கை இருக்கிறது, அதை வைத்து அந்த வருடங்களையும் திரும்பக் கணக்கிட்டுவிடுவேன்.

உங்களை நம்பித்தான் இருக்கிறேன் அண்ணி.

அன்புடன்
கோதை


ஏகாம்பரகுப்பம்
6-8-2024

அன்புக் கோதைக்கு,

அண்ணியின் ஆசி. இங்கே சுகத்துக்குக் குறைவில்லை, ஆடிக் காற்றுதான் கண்ணில் மண்ணை அள்ளிப் போடுகிறது. அக்ஷயாவுக்கு மிளகுக் கஷாயம் வைத்துக் கொடுத்தாயா, இல்லை மாத்திரைதானா?

அறுபத்தொரு படிவமும் முடிந்தது. எல்லாம் நீல மை. நீ சொன்ன வழி பலித்துவிட்டது! கோவிந்தம்மாள் பில்லை எடுத்துக் கொடுத்துவிட்டு நாக்கைக் கடித்துக்கொண்டாள். ஆறு தறி ஓட்டுகிற யூனிட். "நீ சர்வேக்கு வந்தியா, போலீசுக்கு வந்தியா?" என்றாள். சாயப்பட்டறை இஸ்மாயில் பாய் மட்டும் கேட்காமலே உள்ளது உள்ளபடி சொன்னார். "மறைச்சி இன்னாம்மா ஆவப்போவுது, என் கை கலரைப் பார்த்தாலே தெரியுது எவ்ளோ வேலைன்னு" என்றார். சில வீடுகளில் எழுதும்போது எனக்கே கஷ்டமாக இருந்தது. இரண்டு தறியை விற்றுவிட்டு அடுத்த வீட்டுத் தறியில் கூலிக்குப் போகிறவர்கள் இருக்கிறார்கள். அவர்கள் தெருவில் நடக்கிறதைப் பார்த்தால் ஒன்றும் தெரியாது.

நம் வீட்டுப் படிவத்தைக் கடைசியில் வைத்திருக்கிறேன். அதைப் பெரிதாகப் பார்க்க வேண்டாம்.

அண்ணி
துர்காதேவி


திருப்பதி
30-8-2024

அன்பிற்குரிய அண்ணிக்கு,

சுகமாக இருக்கிறீர்களா? எனக்குச் சுகத்துக்கு மேல் ஒரு சுகம்! உட்கார்ந்து படியுங்கள்.

ஏகாம்பரகுப்பத்தின் நடு வீட்டு வருமானம், இந்த வருடம், பதினெட்டாயிரத்து அறுநூறு. பழைய வருடங்களையும் திரும்பக் கணக்கிட்டேன். 2015-இல் பதினோராயிரம், 2018-இல் பதின்மூன்றாயிரத்து நானூறு, கொரோனாவுக்குப் பின் 2021-இல் பன்னிரண்டாயிரம், இப்போது இது. அரிசி, எண்ணெய் விலை ஏறியதைக் கழித்துப் பார்த்தால் ஒன்பது வருடத்தில் ஆயிரம் ரூபாய்தான் கூடியிருக்கிறது. ஆனாலும் உண்மையான எண். டைரக்டர் முதல் தடவையாக என் மேசைக்கே வந்து நின்று பார்த்தார்.

இன்னும் சொல்லவில்லையே. வரிசையில் முப்பத்தோராவதாக நிற்பது எந்த வீடு தெரியுமா? படிவம் 17. நம் வீடு! மேலே முப்பது, கீழே முப்பது, நடுவில் நாம். அக்ஷயா வகுப்பு முழுக்கச் சொல்லிவிட்டாள், "எங்க மாமா வீடுதான் நகரியோட சென்டர்" என்று.

ஒரு சின்ன வேலை பாக்கி. நடுவில் நிற்கும் ஐந்து வீடுகளை மட்டும் இரண்டாம் முறை சரிபார்ப்பது எங்கள் வழக்கம். மற்ற நாலு வீட்டுக்கும் பில் யூனிட் எழுதியிருக்கிறீர்கள். நம் வீட்டுக்கு மட்டும் அந்தக் கட்டம் காலி. சொந்த வீடுதானே என்ற அலட்சியம்! தறி மீட்டர் பில் ஒன்றை அனுப்பிவிடுங்கள்.

உங்கள்
நடு வீட்டுப் பெண் கோதை


ஏகாம்பரகுப்பம்
14-9-2024

அன்புக் கோதைக்கு,

எல்லாரும் சௌக்கியம். உன் சந்தோஷத்தைப் படித்து எனக்கும் சந்தோஷம். உன் அண்ணனிடம் காட்டினேன். படித்துவிட்டு மடித்துச் சட்டைப் பையில் வைத்துக்கொண்டார்.

பில் எங்கே வைத்தேன் என்று தெரியவில்லை. விநாயகர் சதுர்த்திக்கு வீட்டைக் கழுவியதில் காகிதமெல்லாம் இடம் மாறிவிட்டது. நம் வீட்டை விட்டுவிட்டு அறுபது வீட்டை வைத்துக்கொள்ளக் கூடாதா? நடுவில் வேறு யாரையாவது நிற்க வை.

கோகுலுக்குச் சித்தூர் பாலிடெக்னிக்கில் பரீட்சை. அக்ஷயாவுக்கு முறுக்கு வைத்திருக்கிறேன். உடையாமல் வந்ததா என்று எழுது.

துர்காதேவி


ஏகாம்பரகுப்பம்
20-10-2024

அன்புக் கோதைக்கு,

அண்ணி எழுதுவது. ஒரு மாதத்துக்கு மேல் ஆகிறது, உன்னிடமிருந்து ஒரு வரி இல்லை. உடம்புக்கு ஒன்றுமில்லையே? குழந்தை சுகமா? முறுக்கு வந்ததா என்றுகூடத் தெரியவில்லை. பார்சல் ஆபீஸுக்கு இரண்டு தடவை போய்க் கேட்டுவிட்டேன். "திருப்பதிலிருந்து ஒண்ணும் வர்லம்மா" என்கிறான்.

தறிப் பங்கு ஐந்தாம் தேதி அனுப்பியதாக உன் அண்ணன் சொன்னார். வந்ததா? தீபாவளிக்கு வருவாய் அல்லவா? நீ வரவில்லை என்றால் இவர் சாப்பிடமாட்டார், உனக்குத் தெரியும்.

என் மேல் கோபம் இருந்தால் திட்டியாவது எழுது.

அண்ணி


திருப்பதி
12-11-2024

அண்ணிக்கு,

நானும் அக்ஷயாவும் இருக்கிறோம். முறுக்கு உடையாமல் வந்தது. தீபாவளிக்கு வராததற்கு ஆபீஸ் வேலை என்று அண்ணனிடம் போனில் சொன்னது பொய்.

உங்களை ஏன் தேடவைக்க வேண்டும் என்று, நைனாவின் பழைய பில் ஒன்று என் பெட்டியில் கிடந்ததை எடுத்து, அதிலிருந்த சர்வீஸ் நம்பரைப் போட்டுப் போனில் பார்த்தேன். நைனா பெயர்தான் இருந்தது, பச்சையப்பன், தறி மீட்டர். இணைப்பு ரத்து, மே 2022. நம்பரைத் தப்பாகப் போட்டுவிட்டேனோ என்று நாலு தடவை போட்டுப் பார்த்தேன்.

அதன் பிறகு ஒவ்வொன்றாக வந்து முகத்தில் அறைந்தது. நாலு தறி ஓடுகிற வீட்டில் பக்கத்து வீட்டுக் குக்கர் விசில் எப்படிக் கேட்கும்? ஜூலையிலேயே கைதட்டினேனே, முட்டாள். வீட்டுக் கொட்டகையில் வேலை செய்கிற மனுஷனுக்குக் காலையில் கேரியர் எதற்கு? போன பொங்கலுக்குக் கொட்டகைச் சாவி தொலைந்தது என்றீர்கள். நான் வருவதெல்லாம் பண்டிகைக்கு. அன்றைக்கு ஊர் முழுக்கத் தறி நின்றிருக்கும், அதனால் சந்தேகமே வரவில்லை.

இத்தனை மாதமாக எனக்கு வந்தது எந்தத் தறியின் பங்கு? தெருவில் அறுபது வீட்டு உண்மையையும் பிடுங்கி எனக்கு அனுப்பினீர்கள். என்னிடம் மட்டும் ஏன்? எனக்கு ஆத்திரமாக இருக்கிறது அண்ணி, அழுகையாகவும் இருக்கிறது.

கோதை


ஏகாம்பரகுப்பம்
25-11-2024

என் தங்கமே,

உன் கடிதத்தைத் தலைமாட்டில் வைத்துக்கொண்டு பத்து நாள் எழுத வரவில்லை. இப்போது எல்லாவற்றையும் எழுதிவிடுகிறேன்.

கரண்ட் பாக்கி ஏறி, நூல் விலையும் கட்டுப்படியாகாமல், நாலு தறியையும் எடைக்குப் போட்டுவிட்டோம். உன் இரண்டு தறிக்கு ஐம்பத்தாறாயிரம் வந்தது. அதில் ஒரு ரூபாய்கூட நாங்கள் தொடவில்லை. மாதம் நாலாயிரமாகப் பதினாலு மாதம் உனக்கே வந்தது. அதற்குப் பிறகு வருவது உன் அண்ணன் சம்பளத்திலிருந்து. ஸ்ரீசிட்டி தொழிற்பேட்டையில் பேக்கிங் வேலை, பதின்மூன்றாயிரத்து எண்ணூறு. நாகலாபுரம் வழியாகப் போகிற கம்பெனி பஸ் விடிவதற்குள் வந்துவிடும். நான் சேலைக்குக் குஞ்சம் கட்டுகிறேன், ஆயிரத்து ஐந்நூறு கிடைக்கும். உன் சர்வே பணத்திலும் ஒரு மாதம் உனக்கு வந்தது. உன் ஆபீஸ் பணத்தை உனக்கே அனுப்பிய சாமர்த்தியசாலி உன் அண்ணி.

எத்தனை தடவை சொல்லியிருக்கிறேன் தெரியுமா, அவளுக்குச் சொல்லிவிடுவோம் என்று. அவர் ஒரே பிடி. "தறி கீதுன்னு நெனச்சிக்கினு இருக்கட்டும்டி. தறி இருக்கறவ யார் கால்லயும் போய் விழமாட்டா. இல்லன்னு தெரிஞ்சா, அவன் வந்து கூப்ட்டா திரும்பப் பூடுவா." அந்த ஆள் உன் கையை முறுக்கியதை இவர் மறக்கவில்லை. பயம் அவருக்கு, அவ்வளவுதான்.

படிவம் எழுதும்போது நான் ரொம்ப யோசித்தேன். அதிகம் எழுதினால் நீ கேள்வி கேட்பாய், குறைத்து எழுதினால் ஓடி வருவாய். தெருவில் எல்லார் வருமானமும் எனக்குத்தான் தெரியுமே, அதனால் கூடவும் இல்லாமல் குறையவும் இல்லாமல் ஒரு தொகை போட்டேன். நடுவில் போய் நின்றுகொண்டால் யார் கண்ணிலும் படமாட்டோம் என்று நினைத்தேன். உன் வேலையே நடுவில் நிற்கிறவனைத் தேடுவதுதான் என்பது என் மரமண்டைக்கு ஏறவில்லை.

உன் ஒப்பந்தத்துக்கு என்னால் ஏதாவது ஆகிவிடுமா? அந்தப் பயத்தில்தான் எழுத வரவில்லை.

உன்னை ஏமாற்றிய
அண்ணி


திருப்பதி
10-12-2024

அன்பே உருவான என் அண்ணிக்கு,

நாங்கள் நலம். நீங்கள் நன்றாகச் சாப்பிட்டுத் தூங்கி நலமாக இருக்க வேண்டும், இது என் உத்தரவு.

ஒப்பந்தத்துக்கு ஒன்றும் ஆகவில்லை. டைரக்டரிடம் உள்ளதைச் சொன்னேன், படிவம் 17 தவறு, எழுதியவர் என் அண்ணி, எழுதச் சொன்னது நான் என்று. திட்டினார். பிறகு திருத்தச் சொன்னார். நீங்கள் சொன்ன உண்மைத் தொகையைப் போட்டேன். கீழேயிருந்து எண்ணினால் நம் வீடு முப்பத்தோராவது இடத்திலிருந்து இருபத்திரண்டுக்கு இறங்கியது. முப்பதில் நின்ற வீடு நடுவுக்கு வந்தது. ஊரின் எண் எவ்வளவு மாறியது தெரியுமா? பதினெட்டாயிரத்து அறுநூறு, பதினெட்டாயிரத்து நானூற்றைம்பது ஆனது. நூற்றைம்பது ரூபாய். அறிக்கையைப் படிக்கிறவர்கள் யாருக்கும் ஒன்றும் தெரியாது. நடு எண்ணின் குணம் அது, ஒரு வீடு விழுந்தால் அடுத்த வீட்டை இழுத்து நிறுத்திக்கொண்டு போய்விடும். அதை நல்ல குணம் என்று வகுப்பில் படித்தேன். இந்த வாரம்தான் அதன் மேல் கோபம் வந்தது.

அண்ணனிடம் இதைப் படித்துக் காட்டுங்கள். அண்ணா, நான் திரும்பிப் போகமாட்டேன். போன வருடமே அந்த மனுஷன் வந்து கூப்பிட்டான், வாசலிலேயே நிற்க வைத்து அனுப்பினேன். உங்களுக்குச் சொல்லவில்லை, நீங்கள் பஸ் ஏறிப் போய் அவனை அடித்துவிடுவீர்கள் என்று. பாருங்கள், நானும் மறைத்திருக்கிறேன். தறி இருக்கிறது என்ற தைரியத்தில்தான் அன்றைக்கு அப்படிப் பேசினேன். இனிமேல் தறி வேண்டாம், அப்படி ஒரு அண்ணன் இருக்கிறார் என்பது போதும். ஒப்பந்தம் இரண்டு வருடத்துக்குப் புதுப்பித்தாயிற்று, சம்பளமும் கூடியிருக்கிறது. ஜனவரியிலிருந்து நாலாயிரம் வரக்கூடாது. வந்தால் திருப்பி அனுப்புவேன், கோகுல் பெயருக்கு.

அண்ணி, வெற்றுப் படிவம் ஒன்று வைத்திருக்கிறேன். 17-ஐப் புதிதாக எழுதி, அண்ணனின் கையெழுத்தும் வாங்கி அனுப்புங்கள். நீல மை. கேள்வி பதினாலு, வெளியாருக்கு அனுப்பும் தொகை. முன்பு அதைக் காலியாக விட்டிருந்தீர்கள். இந்தத் தடவை நிரப்பியே ஆக வேண்டும்.

உங்கள் மகள் மாதிரி
கோதை


திருப்பதி
9-1-2025

அன்புள்ள அண்ணிக்கும் அண்ணனுக்கும்,

கோதையும் அக்ஷயாவும் சேர்ந்து எழுதுவது. இங்கே குளிர், சுகம். பதின்மூன்றாம் தேதி போகிப் பண்டிகைக்குக் காலை பஸ்ஸிலேயே வந்துவிடுவோம். கொட்டகைச் சாவியைத் தேடி வையுங்கள். காலியாக இருந்தாலும் கோலம் போட இடம் வேண்டும். அக்ஷயாவின் முடி தோள்வரை வந்துவிட்டது, சடை உங்கள் பொறுப்பு.

ஐந்தாம் தேதி நாலாயிரம் வரவில்லை. ஆயிரம் வந்தது, "அக்ஷயா பாவாடைக்கு" என்ற குறிப்போடு. அண்ணனிடம் யார் பேசி ஜெயிக்க முடியும்? வைத்துக்கொண்டேன்.

படிவம் 17 வந்து சேர்ந்தது, கடிதம் இல்லாமல். முழுக்க நீல மை, அண்ணனின் கோணல் கையெழுத்தும் இருக்கிறது. வருமானம் பதினைந்தாயிரத்து முந்நூறு, தறி இல்லை, எல்லாம் சரி. கேள்வி பதினாலில் "வெளியார் யாரும் இல்லை" என்று எழுதியிருக்கிறீர்கள். கேட்டது தொகை. போகட்டும், ஏற்றுக்கொள்கிறேன்.

ஆனால் கேள்வி இரண்டு. குடும்ப உறுப்பினர்கள் ஐந்து பேர். கோவர்த்தனன், துர்காதேவி, கோகுலகிருஷ்ணன், அதற்குக் கீழே கோதை, அக்ஷயா. இது பெரிய தவறு அண்ணி. நான் சமைப்பது திருப்பதியில், நீங்கள் சமைப்பது நகரியில். ஒரே அடுப்பில் சாப்பிடுகிறவர்கள்தான் ஒரு குடும்பம் என்று முதல் கடிதத்திலேயே எழுதியிருந்தேன். விதிப்படி கடைசி இரண்டு பெயரையும் அடித்தாக வேண்டும்.

அடித்துவிட்டேன், பென்சிலில்.

கோதை